எழுதத் தெரியும், வாசிக்க முடியாது: வடக்கின் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணத்தில் சுகாதாரத்துக்கும் சமூக சேவைகளுக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

இரண்டு விஷயம் கேட்டு நான் விண்ணப்பித்திருந்தேன். பாரிசவாதத்தால் (ஸ்ட்ரோக்) வாசிக்கும் திறனை இழந்தவள் என்று என்னை மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் பதிய வேண்டும் என்பது ஒன்று. வாசிப்பை மீட்கும் பயிற்சிக்காகப் பேச்சு மொழி சிகிச்சையாளர் ஒருவரிடம் என்னை அனுப்ப வேண்டும் என்பது மற்றது. இரண்டும் மறுக்கப்பட்டுவிட்டன. கை கால் இயங்குகின்றன, பேச்சுத் தெளிவாக இருக்கிறது, விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், எழுதத் தெரிந்தவருக்கு வாசிக்க முடியாது என்பதை ஏற்க முடியாது. எனக்குச் சொல்லப்பட்ட காரணம் இவ்வளவுதான்.

இந்தக் காரணம் பிழை. அது பிழை என்று மருத்துவத்துக்கு 1892 ஆம் ஆண்டிலிருந்தே தெரியும். என் ஒருத்தியின் விண்ணப்பத்தோடு முடிகிற காரியம் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இதே காரணத்தைச் சொல்லி வன்னியில் இன்னும் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று நினைக்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. எந்த வைத்தியசாலை, எந்த அலுவலகம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு டொக்டரையோ ஒரு எழுதுவினைஞரையோ தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவள். உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். முகவரி வாசிப்பதே என் தொழில். சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் கடிதங்களை, கண் தெரியாத தாய்மாருக்கும் பள்ளிக்கூடம் போகாத ஐயாமாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில், எந்தக் கடிதம் எந்த வளவுக்குப் போக வேண்டும் என்று அனுப்பியவரின் கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் வங்கிக் கடிதம், காணிக் கடிதம், பிள்ளையின் பரீட்சை விண்ணப்பம் என்று எதுவானாலும் சனம் என் வீட்டுப் படலையைத்தான் தட்டும்.

அப்படிப்பட்ட நான் ஒரு நாள் காலை நாட்காட்டித் தாளைக் கிழித்துவிட்டுப் பார்த்தபோது, பெரிதாக அச்சிட்டிருந்த திகதி எண் தெரிந்தது. அதன் கீழே இருந்த கிழமை தெரியவில்லை. எழுத்து மங்கவில்லை. ஒவ்வொரு சுழியும், ஒவ்வொரு வளைவும் கறுப்பாக, துலக்கமாக இருந்தன. அவை எந்த எழுத்து என்பதுதான் பிடிபடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். மேசையில் கிடந்த முதல்நாள் பேப்பரை எடுத்தேன், அதுவும் அப்படியே. பெறாமகளைக் கூப்பிட்டு, “இது என்ன பாஷை பிள்ளை?” என்று கேட்டேன். அவள் பேப்பரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

உடனேயே ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனோம். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். பெயர், ஊர், ஜனாதிபதி யார் என்றெல்லாம் கேட்டார்கள், சரியாகச் சொன்னேன். பிரஷர் கூடியிருந்தது. முகம் கோணவில்லை, கை விழவில்லை, பேச்சுக் குழறவில்லை, ஆகவே பாரிசவாதம் இல்லை என்று முடிவாயிற்று. கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். அந்தக் கிளினிக் வருவதற்கே பல நாள் இருந்தது. போனபோது, எழுத்துப் பலகையை வாசிக்க முடியவில்லை என்றேன். எண் பலகையைக் காட்டினார்கள், கடைசி வரிசை வரை சொன்னேன். பார்வை நல்லாக இருக்கிறது அம்மா என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் வலப்பக்கமாக வந்த சைக்கிளைக் காணாமல் நான் ஒழுங்கையில் விழுந்தும் எழும்பியாயிற்று. சி.ரி. ஸ்கான் எடுத்தது அதற்கும் பிறகுதான். மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில் இரத்தம் போகாமல் ஒரு இடம் செத்துப் போயிருந்தது.

இரத்தக் கட்டியால் அடைபட்ட பாரிசவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன் ஸ்கான் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அந்த ஊசி எனக்குப் பொருந்தியிருக்குமா, போட்டிருந்தால் எழுத்து மிஞ்சியிருக்குமா என்று நான் வாதாட வரவில்லை. நான் நேரத்துக்கு வந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட யாரும் இருக்கவில்லை. முகம், கை, பேச்சு என்று மூன்றை மட்டும் பார்த்தால் மூளையின் பின்பக்கத்தில் வரும் பாரிசவாதம் பிடிபடாது. அதனால்தான் வெளிநாடுகளில் திடீரென்று வரும் பார்வைக் குறையையும் நிலைதடுமாற்றத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இனி, எழுத முடிந்தும் வாசிக்க முடியாதது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் இடப்பக்கத்தில் அடைபட்டால் இரண்டு இழப்பு நேரலாம். இரண்டு கண்களும் நல்லாக இருந்தும், பார்க்கிற காட்சியின் வலப்பக்கப் பாதி தெரியாமல் போகிறது. இடப்பக்கப் பாதியில் தெரிவது மூளையின் வலப்பாதிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. ஆனால் மொழியைக் கையாளும் இடம் இடப்பாதியில் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புக் கட்டின் பின்முனையும் பழுதாகிவிட்டால், கண்ட எழுத்து அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை முகமாலையில் மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் எழுதிய கடிதத்திலும் குறையில்லை, கிளிநொச்சியில் அதற்காகக் காத்திருந்தவரிலும் குறையில்லை, நடுவில் பாதைதான் இருக்கவில்லை. என் கண்ணுக்கும் என் தமிழுக்கும் நடுவில் நடந்திருப்பதும் அதுதான். எழுதுவதற்கு அந்தப் பாதை வேண்டாம். தமிழ் இருக்கிற இடத்திலிருந்து கைக்குப் போகும் வழி வேறு. அது என்னிடம் அப்படியே இருக்கிறது.

இதைப் பாரிஸில் ஜூல் டெஜெரின் என்ற நரம்பியல் மருத்துவர் 1892 இல் எழுதி வைத்துவிட்டார். அவருடைய நோயாளி ஒரு துணி வியாபாரி. சொல்லச் சொல்ல எழுதுவார், தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாது. எண்கள் மட்டும் அவருக்குத் தெரிந்தன, கணக்கும் பார்த்தார். அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்து, பழுது எங்கே என்பதையும் டெஜெரின் காட்டினார். நாட்காட்டியில் எண் தெரிந்து கிழமை தெரியாமல் நின்ற என் கதைக்கும் அந்த மனிதரின் கதைக்கும் என்ன வித்தியாசம்?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிற டொரன்டோவில், ஹவர்ட் எங்கல் என்ற துப்பறியும் நாவலாசிரியருக்கு 2001 இல் இதே நிலை வந்தது. காலையில் பேப்பரை எடுத்தவருக்கு அது தெரியாத ஏதோ மொழியில் அச்சிட்டது போலத் தெரிந்தது. எழுத முடிந்தது, வாசிக்க முடியவில்லை. அவரை யாரும் பொய்க்காரர் என்று சொல்லவில்லை. புனர்வாழ்வு வைத்தியசாலையில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் நாவல் எழுதினார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதிவு சம்பந்தமாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். படிவத்தின் கேள்விகளைப் பெறாமகள் வாசித்துச் சொல்ல, பதில்களை நானே எழுதியிருந்தேன். அரசாங்கக் கடிதத்தை ஆயுள் முழுக்க என் கையால் எழுதிப் பழகியவள், இதையும் அப்படித்தான் எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்து, “இதை வாசியுங்கோ” என்றார். என் கையெழுத்து என்பது வடிவத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரியவில்லை. “வாசிக்க முடியவில்லை தம்பி” என்றேன். “நீங்கள்தானே எழுதினீர்கள்?” என்றார். ஓம் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் ஊர்ச் சனம் நின்றது. அவர்களில் சிலருக்கு நான் கடிதம் வாசித்துக் கொடுத்திருக்கிறேன்.

வாசிப்புப் போனால் என்ன போகும் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கதைப் புத்தகம் மட்டும் போகாது. வைத்தியசாலையில் தரும் சின்னக் கடதாசி உறைகளில் ஐந்து விதமான மாத்திரை, அதில் மூன்று வெள்ளை. எது காலை, எது இரவு என்று உறையின் மேல் பேனையால் எழுதியிருக்கும். அதை வாசிக்க ஆள் இல்லாத வீட்டில் என்ன செய்வது? பஸ்ஸின் பலகை தெரியாது. பத்திரத்தோடு ஒருவர் வந்து, “சும்மா ஒரு கையெழுத்துத்தான் அக்கா” என்றால், என்ன பத்திரம் என்று தெரியாது. இடம்பெயர்ந்து காணிப் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு இன்னும் அலைகிற மண்ணில் இது சின்ன விஷயமில்லை. கண்ணிவெடி எடுத்து முடியாத காணிகளின் ஓரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையாவது எனக்குத் தெரிகிறது. அதில் படம் இருக்கிறது.

ஒரு தாளில் எனக்கு நேர்ந்ததை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை பற்றிய தமிழ்த் துண்டுப் பிரசுரம் அது. எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கியிருந்த காலம். ‘இந்த மாத்திரையை நிறுத்த’ என்பது வரை வந்து சேர்ந்தேன். வரி அங்கே முடிந்துவிட்டது என்றே என் கண் சொன்னது. ‘வேண்டாம்’ என்ற சொல் வலப்பக்கத்தில், எனக்கு இருட்டாக இருக்கும் பாதியில் இருந்தது. பெறாமகள் பக்கத்தில் இருந்தபடியால் அந்த மாத்திரை தொடர்ந்தது. தமிழில் ஆம், இல்லை என்பதெல்லாம் கடைசியில்தான் வரும். வந்தானா வந்தாளா, போட வேண்டுமா போடக் கூடாதா, எல்லாம் வாலில்தான் இருக்கிறது. வலப்பக்கப் பார்வை போனவருக்கு முதலில் தவறுவது அந்த வால். ஆங்கிலத்தில் எழுதிய பயிற்சி எதுவும் இதை எனக்குச் சொல்லித் தந்திருக்காது.

திரும்ப வாசிக்கத் தொடங்கியது எப்படி என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் இது திருப்பி எடுக்கக் கூடிய ஒன்று என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அதுதான். பழைய கடித உறை ஒன்றை வைத்துக்கொண்டு இருந்தபோது, முதல் எழுத்தின் மேல் நகத்தால் கோடு இழுத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. நகம் சுற்றி முடிந்ததும் வாய் தானாக ‘மு’ என்றது. அடுத்தது ‘ள்’. அடுத்தது ‘ளி’. உறை முள்ளியவளைக்கு வந்தது என்று தெரிந்தபோது நான் அழுதேன். டொரன்டோவில் இருக்கும் என் பெறாமகனிடம் போனில் சொன்னேன். அவன் விசாரித்துவிட்டு, அது அங்கே சிகிச்சையாகவே கொடுக்கிற முறை என்றான். எங்கல் நாக்கு நுனியால் பல்லுக்குப் பின்னால் எழுத்தை வரைந்து பார்த்து வாசித்தாராம். ஒரே பத்தியைச் சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் முறையும் இருக்கிறது. வரியின் வலப்பக்க முடிவைத் தேடிப் போகக் கண்ணைப் பழக்கும் முறையும் இருக்கிறது. இவ்வளவும் எனக்கு வந்தது கனடாவில் ஒரு பிள்ளை இருக்கிறபடியால். அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்கு இதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

சத்தமாக வாசிக்கத் தேவாரத்தைத்தான் எல்லோரும் எடுத்துத் தந்தார்கள். அது எனக்கு மனப்பாடம். முதல் சொல்லைப் பிடித்தால் மிச்சம் தானாக வரும், அது வாசிப்பில்லை. கடைசியில் பேப்பரின் மரண அறிவித்தல்களைத்தான் எடுத்தேன். பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும், காலஞ்சென்ற, அன்பு மகளும் என்று அதே சொற்கள் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வரும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மட்டும் மாறும். தெரிந்த சொல் துணைக்கு வர, தெரியாத பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ‘பிறப்பிடமாகவும்’ என்பதை முதன்முதலில் முடிக்கும்போது பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. இன்று அந்தச் சொல்லை ஒரு மூச்சில் சொல்கிறேன். புதுச் சொல் என்றால் இன்னும் எழுத்தெழுத்தாகத்தான். ஒரு பக்கம் வாசித்தால் தலையிடிக்கும்.

எழுத்தெழுத்தாக வாசிக்கிறவருக்குத் தமிழ் வைக்கும் சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘கொ’ என்பதில் கொம்பு (ெ) முன்னால், ககரம் நடுவில், அரவு (ா) பின்னால். அரவைக் காணும்வரை அது ‘கெ’யா ‘கொ’வா என்று சொல்ல முடியாது. அந்த அரவு என் இருட்டுப் பக்கத்தில் விழுந்துவிட்டால் ‘சொல்’ எனக்குச் ‘செல்’ ஆகிவிடும். ‘பொருள்’ என்பதைத் தொடங்கி, அப்படி ஒரு சொல்லே இல்லையே என்று நிற்பேன். ண, ன இரண்டையும் சுழி எண்ணித்தான் பிரிக்கிறேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, வலப்பக்கப் பார்வை போனவர்களுக்கென்று எழுத்துகள் வலமிருந்து இடமாக நகரும் இலவச இணையப் பயிற்சி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கொம்பும் அரவும் அதற்குத் தெரியாது. தமிழுக்கான பயிற்சியைத் தமிழ் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

நான் வயதானவள், ஓய்வு பெற்றவள். என்னைவிட அதிகமாக என் மனதை அரிப்பது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பிள்ளை. 2009 இல் அவன் சின்னப் பையன். தலையில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) பட்டது, இன்னும் உள்ளே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனபோது எழுத்து ஏறவில்லை. சண்டைக்கு முன் வாசித்துக்கொண்டிருந்தவன். ‘படிப்பு வராத பெடியன்’ என்று பெயர் வைத்து விட்டுவிட்டார்கள். இப்போது மேசன் வேலைக்குப் போகிறான். பாரிசவாதம் மட்டுமில்லை, தலைக்காயமும் வாசிப்பைக் கொண்டுபோகும். அவனுக்கு நடந்தது அதுதானா என்று நான் சொல்ல முடியாது, நான் டொக்டர் இல்லை. ஆனால் யாரும் அவனைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தலைக்குள் இரும்பு இருப்பவரை எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குள் விடுவது ஆபத்து என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு தாளையும் பேனையையும் கொடுத்துச் சோதிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். வன்னியில் அவனைப் போல எத்தனை பேர் தலையில் பீஸோடு நடமாடுகிறார்கள் என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்கிறது. அவர்களுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. ஒருவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமா என்று பார்ப்பதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. கண்ணால் பார்த்து அறிய முடியாத குறையும் குறைதான்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறேன்?

கிராமத்து வைத்தியசாலைகள் வரைக்கும், வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்ஸில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் ஒரு அறிவுறுத்தல் கொடுங்கள். திடீரென்று வாசிக்க முடியவில்லை என்றோ, ஒரு பக்கம் தெரியவில்லை என்றோ ஒருவர் சொன்னால், கண் கிளினிக்குக்குத் துண்டு எழுத முன் பாரிசவாதமா என்று பாருங்கள் என்று சொல்லுங்கள். பெயரைக் கேட்பதோடு நிற்காமல், ஒரு வசனத்தை எழுதச் சொல்லி, சற்றுக் கழித்து அதையே வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். 1990 உங்கள் கீழ் வராது என்றால் கொழும்புக்கு எழுதுங்கள். எங்களைவிட நீங்கள் எழுதினால்தான் அங்கே எடுபடும்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகிய நாலு மாவட்டங்களிலும் தமிழில் வேலை செய்யக் கூடிய பேச்சு மொழி சிகிச்சையாளருக்கு நிரந்தரப் பதவி வேண்டும். மாதத்தில் ஒரு நாள் வந்து போகிறவர் போதாது, இது நாளாந்தப் பயிற்சியால் வருகிற குணம். அந்தப் படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இருக்கிறது. வன்னிப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு போய்ப் படித்து இங்கே திரும்பி வர ஒரு உதவித் திட்டம் போடுங்கள். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் மருத்துவப் புனர்வாழ்வுக்கென்று ஒரு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நடக்கப் பழக்குவது போல, வாசிக்கப் பழக்குவதும் அதன் வேலைகளில் ஒன்று என்று எழுத்தில் சேருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தையும் தமிழ்த்துறையையும் ஒரே மேசையில் இருத்தி, பாரிசவாத நோயாளருக்கான தமிழ் வாசிப்புப் பயிற்சிக் கையேடு ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். கொம்பில் தொடங்கும் எழுத்துகள், வினைச்சொல்லின் முடிவுகள், இரண்டுக்கும் அதில் தனி இடம் வேண்டும். என்னால் முடிந்த உதவியை நான் செய்வேன், என்னில் சோதித்துப் பார்க்கலாம்.

மருந்து உறைகளில் சூரியன், சந்திரன் படம் அச்சிட்டு, அதற்குப் பக்கத்தில் எத்தனை மாத்திரை என்று எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். இதற்குப் புதிதாக நிதி தேவையில்லை. பள்ளிக்கூடம் போகாத முதியவர்களுக்கும், தமிழ் வாசிக்கத் தெரியாத நோயாளிக்கும் இது உதவும்.

மாற்றுத்திறனாளிகளைப் பதியும் படிவத்தில் வாசிப்பு இழப்புக்குத் தனி இடம் வையுங்கள். எழுத முடிகிறது என்பதை வாசிக்க முடியும் என்பதற்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்று, அதைத் தீர்மானிக்கும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கான் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். வரிசையில் நிற்கும் சனத்துக்கு முன்னால் ஒருவரையும் சோதிக்க வேண்டாம், அதற்கு ஒரு தனி அறை வேண்டும்.

தலையில் காயப்பட்டவர்களைப் பிரதேச செயலகங்களின் உதவியோடு தேடி, வாசிப்பு, எழுத்து, பார்வை மூன்றையும் சோதியுங்கள். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள்.

என்னுடைய விண்ணப்பத்தையும் திரும்ப எடுங்கள். ஒரு நரம்பியல் நிபுணர் என்னைப் பரிசோதிக்கட்டும். அவர் சொல்வதை நான் ஏற்பேன், நீங்களும் ஏற்க வேண்டும். இந்த மடலை நான் கையால் எழுதினேன், பெறாமகள் வாசித்துக் காட்ட நானே திருத்தினேன். பதில் எழுதும்போது தமிழில், பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே இடம் விட்டு, முடிவு என்ன என்பதை முதல் வரியிலேயே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.